போதை ஏறியவரைத் தனியாகத் தெருவில் விடாதீர்கள்: டர்பன் இரவு விடுதி வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஃபுளோரிடா ரோட்டிலோ உம்ஷ்லாங்காவிலோ, கடற்கரையை ஒட்டிய ஹோட்டலிலோ, சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து டேவர்னிலோ வேலைக்குச் சேர்ந்திருப்பீர்கள். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ சமையல் வேலைக்கு வந்து, ஆள் போதாமல் பார் பக்கம் அனுப்பப்பட்டவராக இருக்கலாம். இங்கேயே பிறந்து வளர்ந்து, வார இறுதியில் வாசலில் நிற்க ஒப்புக்கொண்டவராகவும் இருக்கலாம். கிளாஸ் அடுக்குவதையும் கார்டு மெஷினையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். போதை தலைக்கேறிய மனிதரை என்ன செய்வது என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். குடித்த மது ரத்தத்தில் உச்சத்தைத் தொட அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை ஆகும். வயிறு நிறைந்திருந்தால் இன்னும் தாமதமாகும். கடை மூடும் நேரத்தில் மூன்று ஷாட்டை அடுத்தடுத்து இறக்கியவர் வாசலைத் தாண்டும்போது ஓரளவு நிதானமாகத்தான் தெரிவார். அரை மணி கழித்து, ஆளில்லாத பக்கத்துச் சந்தில், கால் நிற்காமல் விழுவார். "தொல்லை பண்ணுகிறார், வெளியே தள்ளு" என்று அனுப்பிவிட்டால் நம் கண்ணுக்குத்தான் பிரச்சினை மறையும். அவருக்கு ஆபத்து அப்போதுதான் தொடங்கும். இனி சொல்லப்போவது எல்லாமே இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

எது எவ்வளவு

கிளாஸ் கணக்கு ஏமாற்றும். கிராம் கணக்கில் யோசித்துப் பழகுங்கள். 340 மில்லி டம்பி பீர், 5 சதவீதம் என்றால், அதில் சுமார் 13 கிராம் சாராயம் இருக்கிறது. 750 மில்லி குவார்ட் ஏறக்குறைய 30 கிராம். 43 சதவீத கேன் (கரும்பிலிருந்து வடிக்கும் மது) அல்லது பிராந்தியில் 25 மில்லி டாட் ஒன்றுக்கு எட்டரை கிராம். 175 மில்லி வைன், 13 சதவீதம் என்றால், 18 கிராம். "நான் ஒரே ஒரு குவார்ட்தான் அடிச்சேன்" என்பவர் மூன்றரை டாட் குடித்திருக்கிறார் என்று பொருள்.

கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். அந்த வேகத்தை எதுவும் கூட்டாது. கடுங்காப்பி, பச்சைத் தண்ணீர்க் குளியல், மோர், எலுமிச்சை, நடக்க வைப்பது எதற்கும் அந்தச் சக்தி கிடையாது. காப்பி தூக்கத்தை விரட்டும், போதையை விரட்டாது. விழித்திருக்கும் போதைக்காரர் தூங்கும் போதைக்காரரைவிட எளிதாகக் கார் சாவியைத் தேடுவார். எனர்ஜி டிரிங்க் கலந்த ஷாட்டிலும் இதே வம்புதான். களைப்பு தெரியாததால் அளவும் தெரியாமல் போகும்.

வாசலில்

வயதைச் சோதிப்பது இங்கே சுலபம். தென்னாப்பிரிக்க அடையாள எண் 13 இலக்கம். அதன் முதல் ஆறு இலக்கமும் பிறந்த நாள்: ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையில். 080314 என்று தொடங்கினால் 2008 மார்ச் 14. ஸ்மார்ட் கார்டு, பச்சை அடையாளப் புத்தகம், ஓட்டுநர் உரிம அட்டை மூன்றிலும் அந்த எண் இருக்கும். அடுத்த நான்கு இலக்கம் 5000-க்குக் கீழ் என்றால் பெண், 5000-உம் அதற்கு மேலும் என்றால் ஆண். அக்காவின் கார்டை எடுத்துக்கொண்டு வரும் தம்பி இங்கே மாட்டுவான். தங்கையிடம் இந்தக் கணக்கு செல்லாது, முகத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். "உங்கள் ஸ்டார் சைன் (ராசி) என்ன, எந்த வருஷம் மெட்ரிக் (12-ஆம் வகுப்பு) முடித்தீர்கள்?" என்று இயல்பாகக் கேளுங்கள். உண்மையான வயதுக்காரர் யோசிக்க மாட்டார். இன்றைய தேதியிலிருந்து 18 ஆண்டு கழித்தால் வரும் தேதியை ஒவ்வொரு மாலையும் சாக்பீஸால் வாசல் பலகையில் எழுதி வையுங்கள். இரவு 11 மணிக்கு மனக்கணக்கு யாருக்கும் வராது.

2003-இன் தேசிய மதுச் சட்டம் 18 வயது நிரம்பாதவருக்கு விற்பதைத் தடுக்கிறது. விற்பவர் வயதைத் தெரிந்துகொள்ள நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. "பெரியவன் மாதிரி இருந்தான்" என்ற பதில் எடுபடாது.

ஏற்கெனவே குடித்துவிட்டு வருபவர்களைக் கவனியுங்கள். பாட்டில் ஸ்டோரில் (சில்லறை மதுக்கடை) மலிவாக வாங்கி, கார் நிறுத்துமிடத்தில் பாதியை முடித்துவிட்டு வருவது இங்கே வழக்கம். வரிசையில் நிற்கும்போதே சுவரில் சாய்வது, பணத்தை இரண்டு முறை எண்ணுவது, கண் ஒரு இடத்தில் நிற்காதது, குழுவில் ஒருவரை மற்ற இருவர் நடுவில் வைத்து நடத்திக்கொண்டு வருவது எல்லாம் அடையாளம். அப்படிப்பட்டவரை உள்ளே விடாவிட்டாலும், கூட வந்தவர்களில் நிதானமான ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்ப வேண்டும். தனியாக வந்திருந்தால், தண்ணீர் கொடுத்து வாசலருகே உட்கார வைத்து, வண்டி வரும்வரை ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும்.

துப்பாக்கி உள்ளே வரக்கூடாது. உரிமம் வைத்திருப்பவராக இருந்தாலும், உங்கள் முதலாளியின் நண்பராக இருந்தாலும் விதி ஒன்றுதான். போதையில் துப்பாக்கியைக் கையாள்வது இந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். வாசலில் நிற்பவர் அதைப் பற்றி வாதாட வேண்டியதில்லை. "விடுதி விதி, அண்ணா" என்று சொல்லி மேனேஜரைக் கூப்பிட்டால் போதும். தானே பறிக்க முயலவே கூடாது.

பிறகு எண்ணிக்கை. உரிமத்தில் எத்தனை பேர் என்று இருக்கிறதோ அதற்கு மேல் ஒருவரையும் விடாதீர்கள். கையில் கிளிக்கர் வைத்து, வருபவருக்கு ஒன்று, போகிறவருக்கு ஒன்று. சாட்ஸ்வர்த்தில் பழைய ஆட்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். 2000 மார்ச் 24 அன்று அங்கே ஒரு நடன விடுதியில் பிள்ளைகளின் பகல் நேர விருந்தில் கண்ணீர்ப்புகைக் குப்பி வெடித்து, வாசலை நோக்கி ஓடிய நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். அங்கே மதுவுக்கு வேலையில்லை, நெரிசலே உயிரெடுத்தது. 2022 ஜூன் 26 அன்று இதே நாட்டின் ஈஸ்ட் லண்டன் நகரில் ஒரு டேவர்னில் 21 இளையவர்கள் இறந்தார்கள். மிக இளையவருக்கு வயது 13. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இரவும் கடை திறக்கும் முன் பின்வாசலைக் கையால் தள்ளிப் பாருங்கள். பீர்ப் பெட்டி அடுக்கியிருக்கும், பூட்டு போட்டிருக்கும். "டிக்கெட் இல்லாமல் ஆள் நுழைந்துவிடுவான்" என்று காரணமும் சொல்வார்கள். அதற்கு ஒரு ஆளை அங்கே நிறுத்துங்கள், பூட்டை எடுத்துவிடுங்கள். மின்சாரம் போனால் உடனே எடுக்கும்படி பார், வாசல், கழிப்பறை மூன்று இடத்திலும் டார்ச் தொங்கட்டும்.

பாரில்

கண்ணளவில் ஊற்றாதீர்கள். டாட் மெஷரை வைத்து 25 மில்லி. புதியவர்கள் கைவாகில் ஊற்றும் "ஒன்று" சில நாள் 40 மில்லியாகிவிடும். வாடிக்கையாளர் நான்கு குடித்ததாக நினைப்பார், ஆறுக்கு மேல் போயிருக்கும். முதலாளிக்கு நஷ்டம் என்று சொன்னால் மேனேஜரே மெஷர் வாங்கித் தருவார். நாம் பேசுவது வாடிக்கையாளரின் உடம்பைப் பற்றியது என்றாலும், இந்தக் காரணத்தைச் சொல்வதில் தப்பில்லை.

தண்ணீரை இலவசமாக, கேட்காமலே வையுங்கள். பார் மேசையின் இரு ஓரத்திலும் ஜக், பக்கத்தில் பிளாஸ்டிக் டம்ளர். ஒவ்வொரு இரண்டாவது சுற்றுக்கும் 250 மில்லி தண்ணீரைத் தானாகவே கொண்டுபோய் வைத்தால் பலர் குடிப்பார்கள் என்று நம்பலாம். கேட்டால் ஒருவரும் "வேண்டும்" என்று சொல்லமாட்டார்கள். தண்ணீர் ரத்தத்தில் இருக்கும் மதுவைக் குறைக்காது. ஆனால் அடுத்த கிளாஸைத் தள்ளிப்போடும், அதுவே போதும்.

சாப்பாடு இதைவிடப் பெரிய கவசம். காலி வயிற்றில் மது நேரே சிறுகுடலுக்கு இறங்கி மளமளவென்று ரத்தத்தில் ஏறும். உப்புக் கடலை மட்டும் வைத்தால் தாகம்தான் கூடும். பன்னி சௌ (குழம்பு நிரப்பிய ரொட்டி), சிப்ஸ் ரோல், சமோசா என்று மாவும் எண்ணெயும் உள்ள எதுவும் நல்லது. சமையல்கட்டை 9 மணிக்கே மூடிவிட்டு 2 மணி வரை ஊற்றிக்கொண்டிருப்பது டர்பனில் பல இடங்களில் நடக்கும் தவறு. பார் மூடுவதற்கு ஒரு மணி முன்வரை ஏதாவது ஒரு சூடான பண்டம் இருக்கும்படி மேனேஜரிடம் கேளுங்கள்.

"ஒரு விலைக்கு எவ்வளவு வேண்டுமானாலும்" என்ற சலுகையையும், தட்டு நிறைய ஷூட்டர் (சிறு கிளாஸ் ஷாட்) அடுக்கி விற்பதையும், ஒருவர் கையில் ஒரே நேரத்தில் இரண்டு கிளாஸ் கொடுப்பதையும் எங்களால் ஏற்றுக்கொள்ள முடியாது. சலுகை வேண்டுமானால் சாப்பாட்டில் கொடுக்கட்டும். கடைசி அரை மணியில் டபுள், ஷாட் இரண்டையும் நிறுத்தினால் வாசலில் வரும் அடிதடியும் விழுவதும் பாதியாவது குறையும் என்பது இந்த வேலையில் இருக்கும் பலருடைய கணிப்பு.

பாட்டிலை உரிமம் உள்ள மொத்த விற்பனையாளரிடமிருந்து மட்டுமே வாங்க வேண்டும். மூடி தளர்ந்தது, லேபிள் கோணலானது, விலை நம்பமுடியாத அளவு குறைவானது என்றால் தொடாதீர்கள். மெத்தனால் கலந்திருந்தால் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் கண் மங்கலும் வயிற்றுவலியும் தெரியும். அதற்குள் ஆள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

"இதோடு போதும்" என்று சொல்வது

இதில்தான் புதியவர்கள் மிகவும் தடுமாறுவார்கள். மறுப்பதை யாரும் பார்க்காதபடி செய்ய வேண்டும். நண்பர்கள் முன்னால் மறுத்தால் மானப் பிரச்சினை ஆகிவிடும். ஆளை ஓரமாக அழைத்து, அவர் உட்கார்ந்திருந்தால் நீங்களும் குனிந்து கண்மட்டத்துக்கு வந்து, மெதுவாகப் பேசுங்கள். "நீங்க குடிச்சிட்டீங்க" என்று தொடங்காதீர்கள். "இல்லையே" என்றுதான் பதில் வரும். "அண்ணா, இன்னைக்கு என்னால இதுக்கு மேல ஊத்த முடியாது. சூடா ஒரு சிப்ஸ் ரோல் கொண்டு வரேன், தண்ணியும் வைக்கிறேன்" என்றால் வாதத்துக்கு இடமில்லை. வயதானவரிடம் "அங்கிள்" என்ற சொல்லும் குரலின் மரியாதையும் பாதி வேலையை முடிக்கும். முடிவைச் சொன்ன பிறகு பேரம் பேசாதீர்கள். "சரி, இன்னும் ஒன்னே ஒன்னு" என்று நீங்கள் இறங்கினால், அடுத்த வாரமும் அவர் அதையே எதிர்பார்ப்பார்.

பார், வெயிட்டர், வாசல் மூவரும் உடனே பேசிக்கொள்ள வேண்டும். ஒருவர் மறுத்தவரிடம் இன்னொருவர் ஊற்றிக்கொடுத்தால் மறுத்தவரின் சொல்லுக்கு மரியாதையே இருக்காது. ஒரு சீட்டில் "பச்சைச் சட்டை, 4-ஆம் மேசை, நிறுத்தியாச்சு, 11.20" என்று எழுதிக் கல்லாப் பெட்டிக்கு அடியில் ஒட்டினாலே போதும்.

ஜூலு பேசும் வாடிக்கையாளர்கள் நிறைய வருவார்கள். "அமான்ஸி" என்றால் தண்ணீர், "ஹ்லாலா பன்ஸி" என்றால் உட்காருங்கள். பெரியவரை "பாபா" என்றும் அம்மாவை "மாமா" என்றும் அழையுங்கள். நம் வாயில் தாயின் அண்ணன் தம்பியைக் குறிக்கும் சொல் அங்கே தாயைக் குறிக்கிறது, குழம்பாதீர்கள். சொந்த மொழியில் நான்கு சொல் கேட்டதும் கோபக்காரரின் தோள் தளர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

உள்ளே சுற்றுவது, அடிதடி

கழிப்பறையை 20 நிமிடத்துக்கு ஒரு முறை பாருங்கள், பெண்கள் கழிப்பறைக்குப் பெண் ஊழியர். கதவை உள்ளே தாழிட்டவர் பதில் சொல்லாவிட்டால் இரண்டு நிமிடம் காத்திருங்கள், பிறகு வெளியிலிருந்து திறந்துவிடுங்கள். அதற்கான சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும். உடைந்த கண்ணாடியை உடனே பெருக்குங்கள். நெரிசலான நாளில் பிளாஸ்டிக் டம்ளருக்கு மாறிவிட்டால் சண்டையில் கிழியும் முகம் குறையும்.

பவுன்சர்கள் தனியார் பாதுகாப்பு ஒழுங்குமுறை ஆணையத்தில், அதாவது பி.எஸ்.ஐ.ஆர்.ஏ.வில் பதிவு செய்தவர்களாக இருக்க வேண்டும். பதிவு எண் இல்லாத "மச்சான்" ஒருவரை வாசலில் நிறுத்துவது சட்டவிரோதம்.

ஆளைப் பிடிக்கும்போது நடக்கும் ஒரு தவறு உயிரையே எடுக்கும். தரையில் குப்புறப் படுக்க வைத்து முதுகில் முழங்காலை ஊன்றாதீர்கள். போதையில் இருப்பவருக்கு, அதிலும் உடல் பருத்தவருக்கு, நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு அடைத்துவிடும். அவர் திமிறுவது சண்டைக்காக என்று நினைத்து இன்னும் அழுத்துவார்கள். உண்மையில் அவர் காற்றுக்காகத் திமிறுகிறார். பிடிக்க வேண்டிய கட்டாயம் வந்தால் கைகளைப் பிடியுங்கள், நெஞ்சையும் கழுத்தையும் தொடாதீர்கள். அமைதியானதும் உட்கார வைத்துப் பிடியைத் தளர்த்துங்கள். "மூச்சு விட முடியல" என்று சொன்னால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும்.

ஒருவர் விழுந்துவிட்டால்

ஓரமாகத் தூங்க விடலாம் என்று நினைப்பதுதான் அதிகம் பேரைக் கொல்லும் நினைப்பு. தூக்கத்திலும் ரத்தத்தில் மது ஏறிக்கொண்டே இருக்கும். வாந்தி வந்தால் தொண்டையில் அடைக்கும்.

தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். கண் திறக்காவிட்டால் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள தசையை அழுத்திக் கிள்ளுங்கள். அதற்கும் எழாவிட்டால் அவர் தூங்கவில்லை, மயங்கியிருக்கிறார். அப்போதே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூக்கருகே கன்னத்தை வைத்து, நெஞ்சைப் பார்த்தபடி, 30 நொடி மூச்சை எண்ணுங்கள். நான்குக்குக் குறைவு என்றாலோ, இரண்டு மூச்சுக்கு நடுவே 10 நொடிக்கு மேல் இடைவெளி விழுந்தாலோ, உதடும் நகமும் நீலம் பாய்ந்து தோல் ஜில்லென்று இருந்தாலோ, வலிப்பு வந்தாலோ ஆபத்து மிக அதிகம், ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். ஆம்புலன்ஸ் எண் 10177. கைபேசியிலிருந்து 112. தனியார் ஆம்புலன்ஸ் என்றால் 082 911 அல்லது 084 124. தெருப் பெயர், கட்டிட எண், அருகில் உள்ள பெரிய அடையாளம் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி டெலிபோன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்தக் கடையின் விலாசமே மறந்துபோகும்.

மூச்சு இருந்தால் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். அவர் பக்கத்தில் மண்டியிடுங்கள். உங்கள் பக்கத்துக் கையை உடம்புக்குச் செங்குத்தாக நீட்டி, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி வையுங்கள். மறுபக்கத்துக் கையை நெஞ்சின் குறுக்கே கொண்டுவந்து, புறங்கை அவர் கன்னத்தில் படும்படி உங்கள் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். மறுகையால் அப்பால் உள்ள முழங்காலை மடக்கித் தூக்கி, அந்த முழங்காலை உங்கள் பக்கம் இழுத்தால் உடல் தானாகவே உருளும். மேல் முழங்கால் தரையில் ஊன்றி நிற்கும். அதனால் அவர் குப்புற விழ மாட்டார். தலையைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, வாய் தரைப் பக்கம் பார்க்கும்படி வையுங்கள். வாந்தி வந்தால் வெளியே வழியும், உள்ளே போகாது. ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மூச்சை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். பாலும் எலுமிச்சையும் வாயில் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

மூச்சே இல்லை என்றால், உடனே நெஞ்சழுத்தம் தொடங்குங்கள்: நெஞ்சு நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.

போதை என்று நினைத்துத் தவறவிடும் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று தலையடி. விழுந்தபோது படியில் மோதியிருப்பார். இரண்டு கண்ணின் பாவையும் வெவ்வேறு அளவில் இருப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு நேரம் ஆக ஆக மோசமாவது எல்லாம் மூளையில் ரத்தக் கசிவின் அறிகுறிகள். மற்றொன்று சர்க்கரை குறைவது. தென்னாப்பிரிக்க இந்தியக் குடும்பங்களில் நீரிழிவு மிகப் பரவலானது. கல்லீரல் மதுவைக் கரைப்பதில் முனைந்திருக்கும்போது சர்க்கரையை வெளிவிட மறந்துவிடும். இன்சுலின் போட்டவர் வியர்த்து, நடுங்கி, உளறி, சண்டைக்கும் வருவார். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் சாதாரணக் கோக் அரை டம்ளர் கொடுங்கள், சர்க்கரையில்லாத கோக் உதவாது. கழுத்தில் அல்லது கையில் மருத்துவப் பட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடை மூடும்போது

திடீரென்று பாட்டை நிறுத்தி, எல்லா விளக்கையும் போட்டு, "கிளம்புங்க, கிளம்புங்க" என்று விரட்டினால் கோபம் கொண்ட நூறு பேர் ஒரே நேரத்தில் நடைபாதையில் நிற்பார்கள். 30 நிமிடம் முன்பே சத்தத்தைக் குறைத்து, வெளிச்சத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். பக்கத்து விடுதிகளும் ஒரே நேரத்தில் மூடினால், அவர்களுடன் பேசி 15 நிமிட வித்தியாசம் வைத்துக்கொண்டால் வண்டி கிடைப்பதும் சுலபம், கைகலப்பும் குறையும்.

டர்பனில் நள்ளிரவுக்குப் பின் மினிபஸ் டாக்ஸி கிடைப்பது அரிது. ஆப் மூலம் வண்டி அழைப்பதே பெரும்பாலும் வழி. கைபேசியில் சார்ஜ் இல்லாமல் போய்விடும். பாரில் இரண்டு சார்ஜர் வையுங்கள். வண்டி எண்ணையும் ஓட்டுநர் முகத்தையும் கைபேசித் திரையில் பார்த்து ஒத்துப்போனால்தான் ஏற்றுங்கள். தனியாகப் போகும் பெண் என்றால், பயணத்தைத் தோழிக்கு அனுப்பியாகிவிட்டதா என்று கேளுங்கள். மடியில் வைத்துக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பையும் கொடுத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் பல ஓட்டுநர்கள் ஏற்றவே மாட்டார்கள்.

கார் கார்டுகளை, அதாவது தெருவில் நிறுத்திய கார்களைக் காவல் காப்பவர்களை, மறக்காதீர்கள். யார் தள்ளாடியபடி எந்தக் காரை நோக்கிப் போகிறார் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். மாலையில் ஒரு டீ, ஒரு சாப்பாடு கொடுத்து, "தள்ளாடுபவர் சாவி எடுத்தால் சொல்லுங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்னதும் ஓடுங்கள். சாவியைப் பிடுங்காதீர்கள். "சாவியைக் கொடுங்க, பாரில் பெட்டியில் பூட்டி வைக்கிறேன், காலையில் வாங்கிக்கோங்க" என்று சொல்லி, பெயர் எழுதிய கவரில் போட்டுக் கொடுத்தால் பலர் தந்துவிடுவார்கள். தராமல் வண்டியைக் கிளப்பினால் வண்டி எண்ணைப் போலீஸின் 10111 எண்ணுக்குச் சொல்லத் தயங்க வேண்டாம். அது காட்டிக்கொடுப்பதாகாது, எதிரே வருபவரைக் காப்பது.

நண்பர்களுக்காக ஓட்டும் ஒருவர் குடிக்காமல் இருக்கிறார் என்றால் அவருக்குக் குளிர்பானம் இலவசம் என்று வைத்தால் நஷ்டம் சொற்பம்.

சட்டம் சொல்வது: 1996-இன் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 65-ஆம் பிரிவுப்படி ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராமை எட்டிவிட்டால் ஓட்டக் கூடாது. தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02. மூச்சில் 1000 மில்லிக்கு 0.24 மில்லிகிராம், தொழில்முறைக்கு 0.10. 70 கிலோ எடையுள்ள ஆண் இரண்டு டம்பியை வேகமாகக் குடித்தாலே 0.05-ஐத் தாண்டலாம்; 60 கிலோ பெண் என்றால் அதே இரண்டில் 0.08 வரை போகும். ரத்தத்தில் மணிக்குச் சுமார் 0.015 தான் இறங்கும். நள்ளிரவு 1 மணிக்கு 0.12-இல் இருப்பவர் காலை 6 மணிக்கு 0.045, துறைமுகத்துக்கு லாரி ஓட்டுபவராக இருந்தால் 7.40 வரை சாவியைத் தொடவே கூடாது. இதைப் பலருக்குச் சொல்லியாக வேண்டும். "தூங்கி எழுந்துட்டேன், தெளிஞ்சிடுச்சு" என்று நம்பித்தான் காலையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நடந்துபோகிறேன் என்பவரும் பத்திரமல்ல. இந்த நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நாலு பேர் பாதசாரிகள். கறுப்புச் சட்டை போட்ட, போதையேறிய மனிதர் இருட்டில் M4 நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்தால் ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. கடற்கரை விடுதியில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதிகாலையில் "கடலில் ஒரு முங்கு போட்டால் தெளியும்" என்று இறங்குபவரைத் தடுங்கள். பாதுகாவலர் இல்லாத நேரத்தில் பின்னிழுக்கும் நீரோட்டத்தில் நிதானமாக இருப்பவரே தப்புவது கடினம்.

பானத்தில் ஏதாவது கலந்திருந்தால், அத்துமீறல் நடந்திருந்தால்

ஒன்றிரண்டு பானத்தில் அளவுக்கு மீறித் தடுமாறுபவர், நினைவு விட்டு விட்டு வருபவர் என்றால் கலப்படத்தைச் சந்தேகியுங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். "நான் கூட்டிட்டுப் போறேன், நண்பன்தான்" என்று வரும் புதியவரிடம் ஒப்படைக்காதீர்கள். அவருடைய பெயரைப் பாதிக்கப்பட்டவரிடமே கேளுங்கள். தெரியாது என்றால் அனுப்பாதீர்கள். கிளாஸை மூடி எடுத்து வையுங்கள். சில மருந்துகள் சிறுநீரில் சில மணி நேரமே தங்கும், ஆகவே மருத்துவமனைக்குத் தாமதிக்காமல் போக வேண்டும்.

பாலியல் வன்முறை என்றால் சாட்ஸ்வர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனை, ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி மருத்துவமனை, உம்லாஸியில் பிரின்ஸ் ம்ஷியேனி மருத்துவமனை ஆகியவற்றில் துதுஸேலா மையங்கள் உண்டு. அங்கே மருத்துவர், ஆலோசகர், வழக்குத் தொடர உதவுபவர் ஒரே இடத்தில் இருப்பார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உடையை மாற்றவோ குளிக்கவோ முன்பே போகச் சொல்லுங்கள். ஆலோசனை எண் 0800 428 428, இலவசம். "ஏன் அவ்வளவு குடிச்சே?" என்று ஒருவர்கூடக் கேட்கக் கூடாது.

ஊழியர்களுக்கு

வேலை நேரத்தில் குடிக்காதீர்கள். சம்பளத்துக்குப் பதிலாகவோ, வேலைக்கு வா என்று இழுக்கவோ முதலாளி மது கொடுப்பதும் 2003-இன் அதே சட்டத்தில் குற்றம். வெஸ்டர்ன் கேப் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பங்கை வைனாகவே கொடுத்துத் தலைமுறைகளை அழித்த வழக்கம் இந்த நாட்டுக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்கோ உங்கள் கூட்டாளிக்கோ குடி கையை மீறிப் போகிறது என்றால் 0800 12 13 14 என்ற எண்ணில் பேசலாம்.

கடைசியாக, சம்பவ நோட்டு. ஒவ்வொரு இரவும் நடந்ததை நேரத்தோடு எழுதுங்கள்: "12.10, பெண்கள் கழிப்பறை, மயக்கம், பக்கவாட்டில் படுக்க வைத்தோம், மூச்சு 30 நொடிக்கு 7, 12.14-க்கு 10177, 12.41-க்கு வந்தார்கள், தோழி கூடப் போனார்." யார் ஊற்றினார்கள், கடைசியாக என்ன குடித்தார் என்பதையும் சேர்த்தால், நான்கு வாரம் கழித்துப் புரட்டும்போது எந்த நாள், எந்த மணி, எந்தச் சலுகை தொல்லையைக் கொண்டுவருகிறது என்று தெரிந்துவிடும். நோட்டை ஆணியில் தொங்கவிட்டு, பேனாவைக் கயிற்றில் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பில் எழுத யாராவது எடுத்துப் போய்விடுவார்கள்.